ரோடு முடிஞ்சுபோச்சு... கன்டெய்னர்ல ஏறு!

அலாஸ்காவில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, தெற்கே விட்டுக்கிட்டே இருந்தா எங்கே போய் நிற்பீங்க? 'அர்ஜென்டினாவோட வால்ல இருக்கிற உஷுவாயா'னு சொல்றவங்க கையைக் கீழே போடுங்க. சுமார் 30,000 கிலோமீட்டர் நீளமுள்ள பான் அமெரிக்கன் ஹைவே, பனாமா நாட்டில் யாவிசா என்கிற சின்ன ஊரில் 'போதும்'னு நின்னுடும். அதுக்கு அப்புறம் 100 கிலோமீட்டர் சுமாருக்கு காடு, சதுப்பு, ஆறு. டேரியன் கேப்னு பேரு. அந்தப் பக்கம் கொலம்பியாவில்தான் மறுபடியும் ரோடு.

'நம்ம ஜீப்பு ஏறாத காடா?'னு காலரைத் தூக்காதீங்க பாஸ். 1972-ல் பிரிட்டிஷ் ராணுவத்தினர் ரெண்டு ரேஞ்ச் ரோவரோட உள்ளே இறங்கி, பாதை வெட்டி, ஆத்துல மிதவை கட்டி வெளியே வர்றதுக்கு சுமார் 100 நாள் ஆச்சு!

ஏன் ரோடு போடலை? காட்டையும் அங்கே வாழுற எம்பெரா, குனா மக்களையும் காப்பாத்தணும்கிறது ஒரு காரணம். இன்னொண்ணு நம்ப மாட்டீங்க... கோமாரி! தென் அமெரிக்க மாடுகளோட நோய் வடக்கே வந்துடுமோனு அமெரிக்காவுக்குப் பயம். 1975-ல் அமெரிக்க கோர்ட்டே இந்த ரோட்டுக்குத் தடை போட்டது.

ஸோ, கப்பல். வண்டியை நேரா கப்பலுக்குள்ளே ஓட்டி ஏத்துற ரோரோ ஒரு வழி. ஆனா, சாவியைத் துறைமுகத்துல கொடுத்துடணும். வேனையே வீடாக்கி ஊர் சுத்துறவங்களுக்கு அடுப்பு, துணிமணி, லேப்டாப் எல்லாமே உள்ளேதான் இருக்கும். சாவி எத்தனை கை மாறுமோ! என் ஓட்டு கன்டெய்னருக்குத்தான். 40 அடி கன்டெய்னர்ல ரெண்டு வண்டி நிற்கும், செலவும் பாதியாகும். அதனால பனாமா சிட்டியில் பலர் முதல்ல தேடுறது, முன்னேபின்னே தெரியாத ஒரு கூட்டாளியை.

அடுத்தது டேப். சாதாரண கன்டெய்னர் கதவோட உயரம் சுமார் 2.28 மீட்டர்தான். கூரை மேல டென்ட், ஸ்டெப்னினு அடுக்கினவங்க இறக்கி வைக்கணும். அப்பவும் ரெண்டு விரற்கடை இடிக்குதா? டயர்ல காத்தை இறக்கு. (மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்ல இதையெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க!)

உண்மையான கண்டம், பனாமா போலீஸ் செக்கிங். சேஸிஸ் நம்பரும், பார்டர்ல கொடுத்த தற்காலிக அனுமதிச் சீட்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். 17 எழுத்து. 1, 0 கூட குழம்பிடக் கூடாதுனுதான் அந்த நம்பர்ல ஐ, ஓ, க்யூ மூணு எழுத்தையும் சேர்க்கிறதே இல்லை. அப்படியும் பார்டர்ல தூக்கக் கலக்கத்துல ஒருத்தர் தப்பா தட்டிட்டா, திருத்தி வாங்குற வரைக்கும் வண்டி நகராது. சீட்டை வாங்கின கவுன்ட்டர்லயே நின்னு படிச்சுப் பாருங்க. பின்னாடி க்யூ திட்டினா திட்டட்டும்.

பேப்பர் கையில வந்ததும் அட்லான்டிக் பக்கம் கொலோன் துறைமுகம். வண்டியை உள்ளே விட்டு, சக்கரத்துக்கு சக்கரம் பெல்ட் போட்டு இறுக்குவாங்க. கதவைச் சாத்தி சீல் வைப்பாங்க. அந்த சீல் நம்பரை போட்டோ எடுத்துக்கங்க. 'பில் ஆஃப் லேடிங்' ஒரிஜினலைப் பத்திரமா வைங்க. அது இல்லாம அந்தப் பக்கம் வண்டியைக் கேட்க முடியாது.

சரக்குக் கப்பல்ல உங்களுக்கு இடம் கிடையாது. கொலம்பியாவோட கார்டஹேனாவுக்கு ஃப்ளைட்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. பாய்மரப் படகுல போனா, சான் பிளாஸ் தீவுகளைப் பார்த்துக்கிட்டே நாலைஞ்சு நாள்.

வண்டிக்கு இவ்வளவு பேப்பர் ரெடி பண்றோம். ஆனா விசாங்கிற பேப்பர் கிடைக்காதவங்க அதே காட்டை நடந்தே கடந்திருக்காங்க. 2023-ல் மட்டும் 5 லட்சம் பேருக்கு மேல, தெற்கேயிருந்து வடக்கே, குழந்தைகளைத் தோள்ல தூக்கிக்கிட்டு. ஆறு அடிச்சுட்டுப் போனவங்க இருக்காங்க, வழிப்பறிக் கும்பல்கிட்ட மாட்டினவங்க இருக்காங்க. அவங்களுக்குப் பக்கத்துலதான், கடல்ல, சீல் வெச்ச பெட்டிக்குள்ள ஒரு கேம்பர் வேன் பத்திரமா போகுது.

கார்டஹேனாவில் கஸ்டம்ஸ், துறைமுகம், ஏஜென்ட் ஆபீஸ்னு சில நாள் அலையணும். எல்லாம் ஸ்பானிஷ்தான், பத்து வார்த்தையாவது கத்துக்கிட்டுப் போங்க. சீலை உங்க கண்ணு முன்னாடி வெட்டச் சொல்லுங்க. போட்டோவுல இருக்கிற நம்பர்தானானு பாருங்க. கொலம்பியாவில் கட்டாயமான 'சோவாட்' இன்ஷூரன்ஸை எடுத்துட்டு கேட்டைத் தாண்டினா, உஷுவாயாவுக்கு மறுபடியும் ரோடு இருக்கு.