ஐந்து கோட்டுக்கு ஒரு சட்டம், நாலு கோட்டுக்கு ஒரு சட்டம்

9 ஜனவரி 2024, செவ்வாய்

செங்கல்பட்டு டீச்சரின் ஃபைல் வந்துவிட்டது. யூகுலேலே பழகும் பிள்ளைகளுக்கான பாட்டுப் புத்தகம். மேலே ஐந்து கோட்டு ஸ்டாஃப், அடியில் கம்பிக்கு ஒரு கோடாக, பிடிக்க வேண்டிய எண்ணைக் காட்டும் நாலு கோட்டு டேப், இரண்டுக்கும் நடுவில் தமிழில் ஸ்வரம். யாரோ வேறொரு மென்பொருளில் அடித்து, மியூசிக்எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தந்திருக்கிறார்கள். மியூஸ்ஸ்கோரில் திறந்தேன். டேப் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. நோட்டின் குச்சிகளான ஸ்டெம்களில் பாதி மேலே பார்க்கிறது, பாதி கீழே. சில எண்ணைக் குத்திக்கொண்டு போகின்றன, சில ஸ்வர எழுத்தை.

பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்துப் பிழைக்கிறவனுக்கு இது பழகின நோய்தான். ஸ்டைலில் ஒரே இடத்தில் மாற்ற வேண்டியதை வரிவரியாகக் கையால் இழுத்துவிட்டிருக்கிறார்கள். எழுத்தின் அளவை மாற்றினால் போதும், இழுத்ததெல்லாம் கலைந்துவிடும்.

"அண்ணா, பிள்ளைங்க எந்த எண்ணு எந்தக் கம்பினு தெரியாம முழிக்குதுங்க. பொங்கல் லீவு முடிஞ்சதும் வேணும்" என்றார் டீச்சர்.

10 ஜனவரி, புதன்

இன்று முழுக்க இடைவெளி.

இதில் எல்லா அளவும் ஸ்டாஃபின் இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடத்தை வைத்துத்தான். மியூஸ்ஸ்கோர் அதை 1.75 மில்லிமீட்டராக வைக்கிறது. ஐந்து கோட்டுக்கு நாலு இடைவெளி, ஆக ஸ்டாஃபின் உயரம் 7 மில்லிமீட்டர். வந்த ஃபைலில் டேப் கோடுகளுக்கும் அதே 1.75தான். நாலு கோட்டுக்கு மூன்று இடைவெளி, மொத்தம் 5.25. டேப் எண் 9 பாயின்ட். அச்சில் அதன் உயரம் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எப்படி உட்காரும்? எஃப் கார்டு வாசிக்க ஏ கம்பியில் 0, இ கம்பியில் 1, சி கம்பியில் 0, ஜி கம்பியில் 2. நாலும் ஒரே நேரத்தில், ஒன்றன்கீழ் ஒன்று. வந்த தாளில் 0-வின் அடியும் 1-இன் தலையும் ஒட்டி, அது ஏதோ குண்டூசி மாதிரி இருந்தது.

டேப்புக்கு வழக்கமாக வைப்பது ஒன்றரை இடைவெளி. லில்லிபாண்ட் மென்பொருளிலும் அதே 1.5தான். அப்படி வைத்தால் கோட்டுக்குக் கோடு 2.6 மில்லிமீட்டர், மொத்த உயரம் 7.9. எண்ணுக்கு மேலும் கீழும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. டேப்பின் மேல் ரைட் கிளிக், ஸ்டாஃப் ப்ராபர்ட்டீஸ், அதில் கோட்டு இடைவெளி. ஒரே கட்டம்.

11 ஜனவரி, வியாழன்

மேல் ஸ்டாஃப். முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியம் ஒன்றை டீச்சர் சேர்த்திருக்கிறார், 'சந்ததம் பாஹிமாம்'. மெட்டு பிரிட்டிஷ் தேசிய கீதம். இதை சி மேஜரில் போட்டால் மெட்டு நடு சி-க்குக் கீழே ஒரு படி இறங்கும். வழக்கமான யூகுலேலேவில் நடு சி-க்குக் கீழே கம்பியே இல்லை. டீச்சர் எஃப்-இல் போட்டிருக்கிறார், கெட்டிக்காரி. அப்போது இ முதல் டி வரைக்குள் பாட்டு அடங்கிவிடும்.

ஸ்டாஃபில் ஸ்டெம் சட்டம் எளிது. நடுக்கோட்டுக்குக் கீழே இருக்கும் நோட்டுக்கு ஸ்டெம் வலப்பக்கம் மேலே போகும். நடுக்கோட்டிலும் அதற்கு மேலும் இருப்பதற்கு இடப்பக்கம் கீழே. நீளம் மூன்றரை இடைவெளி. இந்தப் பாட்டில் ஏ வரைக்கும் மேலே, பி-ஃப்ளாட்டிலிருந்து கீழே. பி-ஃப்ளாட் சரியாக நடுக்கோட்டில் நிற்கிறது. அதன் ஸ்டெம் ஸ்டாஃபின் கடைசிக் கோட்டையும் தாண்டி இன்னும் ஒன்றரை இடைவெளி தொங்குகிறது, அதாவது 2.6 மில்லிமீட்டர். அங்கேதான் 'ம' என்று ஸ்வரம் இருக்கிறது. அதனால்தான் முன்பு அடித்தவர் பி-ஃப்ளாட் வருகிற இடத்திலெல்லாம் எக்ஸ் விசையைத் தட்டி ஸ்டெம்மை மேலே திருப்பியிருக்கிறார். கூடவே பக்கத்தில் இருந்த சி, டி எல்லாவற்றையும் திருப்பிவிட்டார். அவை ஸ்டாஃபைத் தாண்டி வானத்தில் நிற்கின்றன.

நடுக்கோட்டு நோட்டுக்கு மட்டும் சாகித்தியம் இருக்கும்போது மேலே திருப்புவதுண்டு, தப்பில்லை. சி-க்கும் டி-க்கும் அந்தச் சலுகை கிடையாது. ஒரே மாதிரி உருப்படிகளையெல்லாம் தேர்ந்தெடுத்து ஸ்டெம் திசையைத் தானியங்கிக்கு மாற்றினேன். ஸ்வர வரியை இன்னும் கீழே தள்ளினேன். 'ரி', 'நி' இரண்டுக்கும் தலைக்கு மேல் வளைவு உண்டு என்பதால் தமிழுக்கு ஆங்கில எழுத்தைவிடக் கூடுதலாகவே இடம் வேண்டும்.

12 ஜனவரி, வெள்ளி

டேப்பின் ஸ்டெம். மேலே சொன்ன சட்டம் இங்கே செல்லாது. ஸ்டாஃபில் உயரம் என்றால் ஸ்வரம். டேப்பில் உயரம் என்றால் கம்பி, அவ்வளவுதான். ஐந்து கோட்டின் திசையை அப்படியே நாலு கோட்டில் கொண்டுவந்து வைத்தால், காரணமே இல்லாமல் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். ஒற்றை மெட்டு என்றால் டேப்பில் எல்லா ஸ்டெம்மும் ஒரே பக்கம் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. எந்தப் பக்கம்? நடுவில் ஸ்வரம் இருப்பதால் மேலே இடமில்லை. கீழே.

இன்னொரு தேர்வும் உண்டு: ஸ்டெம் எண்ணிலிருந்து கிளம்பிக் கோடுகளை ஊடுருவிப் போவதா, கோடுகளுக்கு வெளியே தனியாக நிற்பதா. ஊடுருவினால் கார்டில் ஒவ்வொரு எண்ணையும் குத்தும். வெளியே வைத்தேன்.

டேப்பில் நோட்டுக்குத் தலை கிடையாது, எண் மட்டும்தான். அதனால் ஹாஃப் நோட்டும் குவார்ட்டர் நோட்டும் ஒரே மாதிரி தெரியும். ஹாஃப் நோட்டுக்குக் குட்டை ஸ்டெம் வைக்க ஒரு வசதி இருக்கிறது, அதைத் தேர்ந்தேன்.

13 ஜனவரி, சனி

அக்கா மகள் லீவுக்கு வந்திருக்கிறாள், கையில் யூகுலேலேவோடு. முதல் இரண்டு பக்கத்தை அச்செடுத்துத் திண்ணைத் தூணில் கிளிப் போட்டு மாட்டி, வாசிக்கச் சொன்னேன். எண்கள் தெரிகிறதாம். ஆனால் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"மாமா, இங்க ஜி-க்கு நாலாம் கம்பியில சைபர் போட்டிருக்கு. எங்க டீச்சர் ரெண்டாம் கம்பியில மூணுதான் பிடிக்கச் சொல்வாங்க."

இரண்டும் ஒரே ஸ்வரம்தான். யூகுலேலேவில் நாலாம் கம்பி, மூன்றாம் கம்பியைவிடவும் இரண்டாம் கம்பியைவிடவும் உயரமாக ஒலிக்கும். டேப்பில் ஆக அடிக் கோட்டில் இருப்பது தாழ்ந்த ஒலி என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 1879-இல் மடீரா தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் கப்பலில் ஹொனலுலுவுக்குப் போனவர்கள் மஷேட், ரஜாவோ என்று இரண்டு சின்ன வாத்தியங்களைக் கொண்டுபோனார்கள். மஷேட்டின் உடம்பும் ரஜாவோவின் சுருதியும் சேர்ந்துதான் யூகுலேலே. ரஜாவோவிலேயே கம்பிகள் அப்படித்தான் முன்பின்னாக இருந்தன. இதைச் சொன்னேன். "அதுக்கு நான் என்ன பண்றது" என்று கேட்டுவிட்டு முறுக்கு எடுக்கப் போய்விட்டாள்.

சரி, எண்ணைக் கம்பி மாற்ற வேண்டும். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மேல் அம்பைத் தட்டினால் ஸ்வரம் மாறாமல் கம்பி மாறும். ஒரு தட்டு: சி கம்பியில் 7. இன்னொரு தட்டு: இ கம்பியில் 3. ராத்திரி வரை இதே வேலை. ஸ்டெம் எதுவும் நகரவில்லை. நேற்று எல்லாவற்றையும் கீழே நிறுத்தியதன் பலன்.

14 ஜனவரி, ஞாயிறு

போகி. விடியற்காலையிலிருந்து புகை, அப்புறம் கரண்ட் கட். வேலை இல்லை.

சின்னசாமி முதலியாரை நினைத்துக்கொண்டிருந்தேன். சென்னைச் செயலகத்தில் வேலை பார்த்தவர். 1890-களின் தொடக்கத்தில் நம் கீர்த்தனைகளை ஐந்து கோட்டில் அச்சேற்றினார். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரிடம் உருப்படிகளைக் கேட்டு வாங்கியவர் அவர். தீட்சிதர் பிறகு 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைத் தெலுங்கில் கொண்டுவந்தார். ஐந்து கோட்டை அவர் தொடவில்லை. ஸ்வர எழுத்துக்கு மேலே கமகக் குறிகளைப் போட்டார். அந்தக் குறிகளின் இடைவெளியை எந்த மெனுவில் போய் மாற்றியிருப்பார்கள்! ஈய அச்சில் ஒரு குறி எழுத்தோடு முட்டினால் கோத்ததைக் கலைத்துத்தான் ஆக வேண்டும்.

16 ஜனவரி, செவ்வாய்

மாட்டுப் பொங்கல், எங்கள் ஊரில் பெருமாள் பாரிவேட்டை. காஞ்சி வரதர் பழையசீவரம் மலை ஏறி இறங்கி, பாலாற்றைக் கடந்து எங்கள் ஊர்க் கோயிலுக்கு வருகிறார். எங்கள் அப்பன் வெங்கடேசரோடு சாலவாக்கம், காவாந்தண்டலம், பழையசீவரம் பெருமாள்களும் சேர்ந்து ஐந்து பேர். தெருவில் நடக்க இடமில்லை. அக்கா மகள் தோளில் ஏற்றச் சொன்னாள். அதற்கான வயதைத் தாண்டிவிட்டாள்.

கூட்டம் குறைந்தபின் கோயிலில் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டுப் பக்கம் போனேன். பதினைந்து படுக்கை ஆதுலர்சாலை, வைத்தியர், மருந்துப் பட்டியல் எல்லாம் சொல்கிற கல்வெட்டு. சொல்லுக்குச் சொல் இடமே விடாமல் வெட்டியிருக்கிறான். கல்லில் அப்படி வெட்டலாம், படிக்கிறவனுக்கு அவசரமில்லை. தாளத்தோடு ஓடிக்கொண்டே படிக்கிற பிள்ளைக்கு அது ஆகாது.

17 ஜனவரி, புதன்

டீச்சர் போன்: "அண்ணா, மூணாம் பக்கத்துல ஸ்டாஃபும் டேப்பும் ஒட்டி இருக்கு, நாலாம் பக்கத்துல தள்ளித் தள்ளி இருக்கே?"

பக்கத்தை நிரப்புவதற்காக மென்பொருளே ஸ்டாஃப்களை மேலும் கீழுமாகப் பரத்துகிறது. வரி குறைந்த பக்கத்தில் ஸ்டாஃபுக்கும் அதன் டேப்புக்கும் நடுவிலும் காற்று புகுந்துவிடுகிறது. இந்தப் புத்தகத்துக்கு அது கெடுதல், இரண்டையும் ஒரே பார்வையில் பிடித்தாக வேண்டும். அப்படிப் பரத்தச் சொல்லும் டிக்கை எடுத்தேன். பக்கத்தின் அடியில் வெள்ளை நிற்கிறது, நிற்கட்டும்.

கடைசிப் பாட்டில் கட்டைவிரலுக்கு ஒரு குரல், மெட்டுக்கு ஒரு குரல். இரண்டு குரல் வந்தால் ஒன்றின் ஸ்டெம் மேலே, மற்றதன் ஸ்டெம் கீழே. அதுதான் முறை, நான் நிறுத்திய 'எல்லாம் கீழே' இங்கே நடக்காது. மேலே போவது ஸ்வரத்தில் இடிக்கிறது. அந்தப் பாட்டுக்கு மட்டும் டேப்பில் ஸ்டெம்மே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். தாளம் பார்க்க மேலே ஸ்டாஃப் இருக்கிறது. டீச்சருக்கு அரை மனசு. "சரி, வாசிச்சுப் பார்க்கிறேன்" என்றார்.

19 ஜனவரி, வெள்ளி

வாலாஜாபாத்தில் அச்செடுத்துப் பார்த்தேன். பி-ஃப்ளாட்டின் ஸ்டெம்முக்கும் 'ம'-வுக்கும் நடுவில் வெள்ளை தெரிகிறது. பிடிஎஃப் அனுப்பியாகிவிட்டது.

சாயங்காலம் டீச்சர்: பெரிய பிள்ளைகளுக்கு லோ-ஜி கம்பி மாட்டியிருக்கிறாராம், அதே புத்தகம் அதற்கும் வேண்டுமாம். டேப் எண் எதுவும் மாறாது. நாலாம் கம்பி நோட்டுகள் மட்டும் மேல் ஸ்டாஃபில் ஒரு ஸ்தாயி இறங்கும். ஜி இரண்டு சின்னக் கோடு தாண்டித் தொங்கும், ஸ்வர வரியை மறுபடி தள்ள வேண்டும். திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன், அதற்குத் தனி பில் என்று சொல்லிவிட்டேன்.