மழைக்கு ஒதுங்கியவர்களின் ஊர்

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் ஒரு பழைய அட்லஸைப் பிரித்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் எந்த ரயில் நிலையம் இருக்கிறது என்று தேடினான். திண்டிவனம் என்றது படம். கல்லூரிச் சம்பளம் கட்டச் சொல்லி அண்ணன் வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினான். திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. ஆனால் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு அதற்குள் ரயில் பாதை போட்டாகிவிட்டது. அட்லஸ் அதற்கு முந்தியது. வண்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான், திண்டிவனம் வரை போக வேண்டியதில்லை, விழுப்புரத்திலேயே இறங்கி வண்டி மாறலாம் என்பது பையனுக்குத் தெரிந்தது.

விழுப்புரத்தில் இறங்கியபோது அதிகாலை மூன்று மணி. கையில் இரண்டரை அணா. சாப்பாட்டுக் கடைக்காரர் இரண்டு அணா வாங்க மனமில்லாமல் சும்மாவே சோறு போட்டார். அந்தக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து பத்து மைல் நடந்து, பொழுது சாயும் நேரத்தில் பெண்ணையாற்றங்கரைப் பாறை ஒன்றின் மேல் இருக்கும் கோயிலுக்கு வந்து சேர்ந்தான். பின்னாளில் ரமண மகரிஷி ஆன அந்தப் பையன் திருவண்ணாமலைக்கு முன் இரண்டு இரவுகள் தங்கிய இடம் திருக்கோவிலூரின் இந்த ஆற்றங்கரை. அவனுக்கு இங்கே வேலை எதுவும் இல்லை. வழியில் காசு தீர்ந்துபோனது, அவ்வளவுதான்.

திருக்கோவிலூரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இப்படி வந்து சேர்ந்தவர்களே கண்ணில் படுகிறார்கள். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. திருக்கோவிலூருக்கென்றே அப்படிக் கிளம்புகிறவர்கள் குறைவு. வேறெங்கோ போகிறவர்கள் மழைக்கோ பசிக்கோ துக்கத்துக்கோ இங்கே ஒதுங்கினார்கள். அப்படி ஒதுங்கிய இடங்கள்தாம் இன்று நாம் பார்க்கப் போகிற கோயில்கள்.

விழுப்புரத்திலிருந்து வருகிறவர் முதலில் பார்ப்பது அரகண்டநல்லூர். தேவாரத்தில் இதன் பெயர் அறையணிநல்லூர். திருக்கோவிலூர் ரயில் நிலையமும் ஆற்றின் இந்த வடகரையில்தான் இருக்கிறது. ஒப்பிலாமணீசுவரர் கோயில் பாறையோடு ஒட்டி எழுந்து நிற்க, ஏழு நிலைக் கோபுரம் ஆற்றைப் பார்க்கிறவர்களின் கண்ணை முதலில் இழுக்கும். கோயிலைவிட எனக்குப் பிடித்தது அதன் அடியில் உள்ள குடைவரை. பாறையைக் குடைந்து தூண் எடுத்தவர்கள் ஏதோ காரணத்தால் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். முடிந்த கோயிலில் சிற்பியின் கைவேலை மெருகுக்குள் மறைந்துவிடும். இங்கே எங்கே குறித்தான், எங்கே கொத்தினான் என்பது அப்படியே கிடக்கிறது. ஊர்க்காரர்கள் வழக்கம்போல் பாண்டவர்கள் தங்கிய குகை என்கிறார்கள். தமிழ்நாட்டில் பாண்டவர்கள் தங்காத குகை ஏது?

திருஞானசம்பந்தர் இந்தக் கோயிலைப் பாடியிருக்கிறார். இந்த மலையை வலம் வந்தபோது அடியார்கள் தூரத்து அண்ணாமலையை அவருக்குக் காட்டினார்கள் என்கிறது பெரியபுராணம். வானம் தெளிந்த நாளில் வடமேற்கே பார்த்தால் அது கட்டுக்கதை இல்லை என்பது புரியும். வேங்கடராமன் உட்கார்ந்திருந்ததும் இதே கோயிலில். அங்கே ஒரு பேரொளியைக் கண்டதாகப் பிற்பாடு அவர் சொன்னார். அர்ச்சகர் வந்து கதவைப் பூட்ட வேண்டும் என்றார். சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டதற்கு, இல்லை என்று பதில். அடுத்த பூசை ஆற்றுக்கு அக்கரையில் கீழூரில். பையனும் கூடவே நடந்தான்.

அந்த ஆற்றைக் கடக்கும் இடத்தில் நாம் கொஞ்சம் நிற்போம். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாக வந்து, கடலூர் அருகே கடலில் சேருகிறது தென்பெண்ணை. ஆண்டின் பெரும்பகுதி இங்கே தண்ணீரைவிட மணலும் சீமைக்கருவேலமும்தான் அதிகம். அந்த மணலுக்கு நடுவே ஒற்றைப் பாறை ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. உச்சியில் சின்னஞ்சிறு கோயில். கபிலர் குன்று என்பார்கள்.

சங்கப் புலவர் கபிலருக்குப் பறம்பு மலைப் பாரி நண்பன். மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரியை அழித்தபின், அவனுடைய இரண்டு பெண்களுக்கு வாழ்க்கை தேடித் தரும் பொறுப்பு புலவர் தலையில் விழுந்தது. விச்சிக்கோனிடம் கேட்டார், இருங்கோவேளிடம் கேட்டார். இருவரும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் அந்தப் பெண்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்து உயிர் துறந்தார் என்பது புறநானூற்றின் வழி நாம் அறியும் கதை. கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று வேறு மாதிரி சொல்கிறது. அதன்படி கபிலர் பாரி மகளை இவ்வூரை ஆண்ட மலையமானுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றில் உள்ள இந்தக் கல்லில் தீப்புகுந்தார். ஔவையார் முன்னின்று திருமணம் செய்து வைத்தார் என்று மூன்றாவதாக ஒரு கதை ஊரில் உலவுகிறது.

எது உண்மை? சங்க காலத்துக்கும் அந்தக் கல்வெட்டுக்கும் நடுவே பல நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. பாட்டில் உள்ளபடி வடக்கிருந்தார் என்பதைத்தான் நான் நம்புவேன். ஆனாலும் அந்தக் கல்வெட்டை ஒதுக்க முடியாது. அதில் கபிலர் வருவது வேறொருவர் கதைக்கு நடுவில். அந்த வேறொருவர், ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி. மலையமான் குலத்துப் பெண். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது, பால்குடி மறக்காத குழந்தையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறினாள். அதைச் சொல்லும் கல்வெட்டுக் கவி, அவள் பிறந்த ஊரைப் புகழ வரும்போது ஆற்றின் நடுவே இருந்த கல்லையும், அதில் நண்பனுக்காக உயிர் விட்ட புலவனையும் சேர்த்துக்கொள்கிறான். தீப்புகுந்த அரசியைப் பாடுகிறவனுக்குப் புலவரையும் தீயில் இறக்கிவிடுவது பொருத்தமாகப் பட்டிருக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து வாய் பிளக்கிற நாம், அதைக் கட்டியவனுடைய தாய் எப்படிப் போனாள் என்பதைப் படிக்க இங்கேதான் வர வேண்டியிருக்கிறது.

கீழூர்க் கோயில் அளவில் பெரியதல்ல. அட்ட வீரட்டங்களில் ஒன்று. சிவன் அந்தகாசுரனை அழித்த இடம் என்பது தலபுராணம். சுவரெல்லாம் எழுத்து. பல்லவர், சோழர் கல்வெட்டுகளோடு, தக்கோலப் போருக்குப் பின் வடக்கிலிருந்து வந்து இந்தப் பகுதியைக் கைக்குள் வைத்திருந்த ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகளும் உண்டு. கன்னரதேவன் என்று அவற்றில் அவன் பெயர். படையோடு வந்தவனும் இந்தக் கோயிலுக்கு விளக்கு எரிய வழி செய்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. இவர்களுக்கெல்லாம் முன்னால், மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரை, அதாவது இதே திருக்கோவிலூரை, தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி அழித்த செய்தி சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. அது வெறும் புலவர் வாக்கு என்று நினைத்திருந்தவர்களுக்கு 1981இல் ஒரு பதில் கிடைத்தது. திருக்கோவிலூர் வட்டத்து ஜம்பை மலைக்குகையில் தமிழ்-பிராமி எழுத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் அகப்பட்டது. குகையைத் துறவிகளுக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறான். அசோகனின் கல்வெட்டுகளில் வரும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுநாள் சண்டையிட்டு வந்தார்கள். ஜம்பைக் கல்வெட்டு அந்தப் பட்டத்தை அதியமானுக்கே சூட்டி வழக்கை முடித்துவைத்தது. ஊரைக் கொளுத்தியவனே அதே வட்டாரத்தில் வழிப்போக்கத் துறவிகளுக்குப் படுக்க இடம் கொடுத்திருக்கிறான்.

மறுபடி 1896க்கு வருவோம். கீழூர்க் கோயிலிலும் அர்ச்சகர் சோறில்லை என்றுவிட்டார். மேளக்காரர் குறுக்கிட்டுத் தன் பங்குப் பிரசாதத்தைப் பையனுக்குக் கொடுக்கச் சொன்னார். தண்ணீர் கேட்கப் போன வீட்டு வாசலில் பையன் மயங்கி விழ, சோறு தரையில் சிந்தியது. அதைப் பொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்தான். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் வயிறாரச் சோறு கிடைத்தது. இருபது ரூபாய் பெறுமான காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அவரிடம் அடகு வைத்தான். அந்த வீட்டு அம்மாள் பட்சணப் பொட்டலமும் கட்டிக் கொடுத்தாள். கடுக்கனை மீட்க பாகவதர் கொடுத்த முகவரிச் சீட்டை வெளியே வந்ததும் கிழித்துப் போட்டுவிட்டு, ரயில் நிலையத்தில் இரவைக் கழித்து, செப்டம்பர் 1ஆம் தேதி காலை வண்டி ஏறினான். கடுக்கன் திரும்பவில்லை. வரலாற்றில் மேளக்காரரின் பெயர் நிற்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் உறுத்தல்தான்.

கீழூரிலிருந்து சற்றுத் தூரத்தில் ஊர் நடுவே உலகளந்த பெருமாள் கோயில். 192 அடி ராஜகோபுரம், பதினோரு நிலை. மூலவர் திருவிக்கிரமர் ஒரு காலைத் தூக்கி நிற்கும் கோலத்தில், கருவறை முகடு வரை உயர்ந்திருக்கிறார். மற்ற இடங்களில் இடக்கையில் இருக்கும் சங்கு இங்கே வலக்கையில். நடுநாட்டுத் திவ்ய தேசங்கள் இரண்டே, இதுவும் திருவஹீந்திரபுரமும். அர்ச்சகர் ஆரத்தி காட்டும்போது முதலில் தெரிவது ஊன்றிய பாதம். சுடர் மேலே போகப் போகத்தான் முகம் வருகிறது. வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முதுகில் இடிப்பதைப் பொருட்படுத்தாமல் அந்த ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

உலகத்தை அளந்தவரின் ஊருக்கு வைணவர்கள் தரும் பெருமை இந்த உயரத்துக்காக அல்ல. ஒரு ஆள் படுக்கும் அளவான திண்ணை இடத்துக்காக. காஞ்சியில் பிறந்த பொய்கையாழ்வார் மழை இரவில் மிருகண்டு முனிவரின் ஆசிரம இடைகழியில் படுத்திருந்தார். மாமல்லபுரத்துப் பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டினார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம். மயிலாப்பூர்ப் பேயாழ்வாரும் நனைந்துகொண்டு வந்தபோது மூவரும் எழுந்து நின்றுகொண்டார்கள். இருட்டில் நாலாவதாக யாரோ நெருக்குவது தெரிந்தது. யார் என்று பார்க்க முதல் இருவரும் விளக்கேற்றினார்கள், சொல்லால். அந்த வெளிச்சத்தில் பேயாழ்வார் பெருமாளைக் கண்டு பாடினார். ஆளுக்கு நூறு வெண்பாவாக மூன்று அந்தாதிகள் பிறந்தன. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் முதல் குரல்கள் என்று மரபு அவற்றைக் கொண்டாடுகிறது. வேதாந்த தேசிகர் பின்னர் தேகளீச ஸ்துதி எழுதியபோது, உலகளந்தவரை அந்த இடைகழியின் ஈசராகவே அழைத்தார். மூன்று அடியில் மண்ணையும் விண்ணையும் அளந்த கடவுள் இடம் போதாமல் மூன்று கிழவர்களை நெருக்கினார் என்று ஒரு ஊர் தன் கதையை அமைத்துக்கொண்டிருப்பதை நான் தமிழ்க் கற்பனையின் உச்சங்களில் ஒன்றாகவே வைப்பேன்.

மழை இங்கே எப்போதும் கதையாக மட்டும் இருப்பதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. அடுத்த நாள் நள்ளிரவுக்கு மேல் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட, மணலாகக் கிடந்த பெண்ணை இரு கரை ஊர்களுக்குள்ளும் புகுந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் மாடிகளுக்கு ஓடினார்கள். 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்ததிலிருந்து திருக்கோவிலூர் அந்த மாவட்டத்திலும், எதிர்க்கரை அரகண்டநல்லூர் விழுப்புரத்திலும் இருக்கின்றன. வெள்ளத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. நிவாரணத்துக்குத் தெரியும்.

இப்போது பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குப் போகும் பேருந்துகள் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி ஓடுகின்றன. டீ குடிக்க நிற்பவர்கள்கூட ராஜகோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். ஒரு பகல் ஒதுக்கினால் போதும். காலையில் அரகண்டநல்லூர்ப் பாறை, வெயில் ஏறுமுன் கபிலர் குன்றுக்கு எதிர்க்கரை, நடை சாத்துவதற்குள் கீழூர், மாலையில் பெருமாள். கபிலர் குன்றில் ஏற ஆசைப்படுகிறவர்கள் தண்ணீர் இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும்.

கூட்டம் பிடிக்குமென்றால் தை மாதம் ஐந்தாம் நாள், ஆற்றுத் திருவிழாவன்று வரலாம். பெண்ணைக் கரை நெடுக ஊர்ச் சாமிகளைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் வரிசையாக நிறுத்துவார்கள். கரும்பு, கிழங்கு, பலூன், ராட்டினம் என்று ஆறே கடைத்தெருவாகிவிடும். மேற்கே சற்றுத் தள்ளி மணலூர்ப்பேட்டையில் அன்றைய தீர்த்தவாரிக்கு வரும் விருந்தாளி அண்ணாமலையார். வேங்கடராமன் கடுக்கனை அடகு வைத்து எந்தச் சாமியைப் பார்க்கப் போனானோ, அந்தச் சாமி வருஷத்துக்கு ஒருமுறை மலையை விட்டுவிட்டு, வழியில் ஊர் ஊராக மண்டகப்படி வாங்கிக்கொண்டு, இந்த ஆற்றில் குளிக்க வருகிறார். அன்றைக்குப் பேருந்தில் இடம் கிடைக்காது. விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருவது நல்லது.