தண்ணீருக்கு வாசல் இல்லாத ஊர்!

இத்தாலியின் மிலன் நகரில் ரயில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் கோமோ வந்துவிடும். எதிரே நீல ஏரி, இருபுறமும் மலைகள், பக்கத்திலேயே சுவிட்சர்லாந்து எல்லை. ஓவியம் போல இருக்கும் இந்த ஊருக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. அது அந்த ஏரியேதான்!

ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கிய பனியாறுகள் குடைந்த பள்ளம் இது. ஆழம் 400 மீட்டருக்கும் மேல். வரைபடத்தில் பார்த்தால், கால்களை அகட்டி நிற்கும் மனிதனைப் போலத் தெரியும். அட்டா ஆறு தலைப்பக்கம் உள்ளே வருகிறது. ஒரு கால் நுனியில் இருக்கும் லெக்கோ வழியாக வெளியே போகிறது. இன்னொரு கால் நுனியில் கோமோ. அங்கே தண்ணீர் வெளியேற வழியே இல்லை.

அதனால் பெருமழை பெய்தபோது, ஏரி ஏறி கவூர் சதுக்கத்துக்குள் வந்ததுண்டு. ஒரு காலத்தில் படகுகள் நின்ற துறைமுகம்தான் அந்தச் சதுக்கம். 19-ம் நூற்றாண்டில் அதை மண்ணிட்டு மூடினார்கள். தண்ணீர் தன் பழைய வீட்டை மறக்கவில்லை!

லெக்கோவுக்குக் கீழே ஒல்ஜினாத்தே என்ற இடத்தில் 1946 முதல் ஓர் அணை இயங்குகிறது. ஏரியின் மட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் மதகுகள்தான். சமவெளி விவசாயிகளுக்குக் கோடைக்காகத் தண்ணீரைத் தேக்க வேண்டும். கோமோவுக்கோ மட்டம் ஏறக் கூடாது. இரண்டுக்கும் நடுவே எப்போதும் இழுபறிதான்.

கோமோ இதைவிடப் பெரிய சோதனையையும் பார்த்த ஊர். கி.மு. 59-ல் ஜூலியஸ் சீசர் இங்கே மக்களைக் குடியேற்றினார். பழைய நகரின் நேர் நேரான தெருக்கள் அந்த ரோமானியத் திட்டத்தின் மிச்சம். 1118-ல் மிலனோடு மூண்ட போர் பத்து ஆண்டுகள் நீடித்தது. 1127-ல் மிலன் ஜெயித்தது, கோமோ தரைமட்டமானது. பேரரசர் பிரெட்ரிக் பார்பரோசாவின் ஆதரவோடு ஊர் மறுபடி எழுந்தது. 1192-ல் கட்டிய 40 மீட்டர் உயரக் கோபுர வாசல் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

பிறகு பட்டு இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது. இன்று பட்டு நூல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. அதற்குச் சாயமேற்றி, வடிவங்கள் அச்சிடும் கைப்பக்குவம் கோமோவுடையது.

இன்னொரு பெருமையும் உண்டு. 1800-ல் உலகுக்கு மின்கலத்தை அறிவித்த அலெசாண்ட்ரோ வோல்டா பிறந்தது இங்கேதான். உங்கள் கையில் இருக்கும் போனின் பேட்டரிக்கு அவர்தான் கொள்ளுத்தாத்தா! ஏரிக்கரையில் 1928-ல் திறந்த அவருடைய நினைவு அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம்.

கடைசியாக, 1894 முதல் ஓடும் கேபிள் ரயிலில் ஏறுங்கள். சில நிமிடங்களில் மலை மேல் உள்ள புருனாத்தே கிராமம். அங்கிருந்து குனிந்து பார்த்தால், மலைகளுக்கு நடுவே நுழைந்து வந்த ஏரி, கோமோவின் வாசற்படியில் வந்து நின்றுவிடுவது தெரியும்.