பனைமரத்துக்குப் பக்கத்தில்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பார்க்காததையெல்லாம் பார்த்தது போல் எழுதிவிடலாம், கேட்பார் இல்லை. திண்டிவனத்தில் அந்தப் பெரியவர் ரயில் ஏறும் வரையில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

விழுப்புரம் போகிற பாசஞ்சர் வண்டி. எதிரே உட்கார்ந்தவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அந்த யுத்தக் கதை எழுதினது நீங்கதானே சார்?" என்றார். பெருமையோடு தலையை ஆட்டினேன்.

"அதிலே தரையிலே இருக்கிறவன் விமானத்தைப் பார்த்து, 'பனைமரத்துக்குப் பக்கத்திலே குண்டு போடு' என்கிறான். அப்படிச் சொன்னா எவன் தலையிலே விழும், தெரியுமா?"

பெருமை அங்கேயே இறங்கிவிட்டது.

அவர் பட்டாளத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். ஊர் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம். இரண்டாம் உலக யுத்தத்தில் போட்ட விமான ஓடுதளம் அங்கே உண்டு. காலாட்படைக்கு உதவியாகப் போர்விமானம் வரும்போது, தரையிலிருந்து அதற்கு இலக்குக் காட்டுகிற அதிகாரியோடு ஜீப்பில் போவது அவர் உத்தியோகம். அந்த அதிகாரியும் பெரும்பாலும் ஒரு விமானியாகவே இருப்பாராம். மேலேயிருந்து பார்த்துப் பழகியவனுக்குத்தானே மேலே இருப்பவன் கண்ணுக்கு எது படும் என்று தெரியும்!

மயிலம் தாண்டியதும் எனக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. "அதோ அந்தப் பம்புசெட் கொட்டகைதான் இலக்கு. விமானிக்குச் சொல்லுங்க பார்ப்போம்."

"இரண்டு பனைக்கு இடது பக்கம்..." என்று தொடங்கினேன்.

"யாருக்கு இடது? உங்களுக்கா, அவனுக்கா? பனை நமக்கு நெட்டை. அவனுக்கு ஒரு புள்ளி. நிமிஷத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் போகிறான் சார்! திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு இரண்டரை நிமிஷம். பெரிசிலிருந்து சிறிசுக்கு வரணும். மேற்கே செஞ்சி மலை தெரியுதான்னு கேளுங்க. தெரியுதுன்னு சொன்ன பிறகு ஏரி. அப்புறம் கரை வளைகிற இடம். கடைசியிலேதான் கொட்டகை."

அதற்கும் முன்னால் நம் ஆட்கள் எங்கே என்பதைச் சொல்லிவிட வேண்டுமாம். கூடுமானவரை விமானம் நம் வரிசைக்குக் குறுக்கே வராமல், வரிசையை ஒட்டினாற்போல் பாய வேண்டும். அப்போது குண்டு சற்று முந்தியோ பிந்தியோ விழுந்தாலும் நம்மவர் தலையில் விழாது.

எனக்குத் தெரிந்ததையும் காட்டிக்கொள்ள வேண்டாமா? லோங்கேவாலாவை எடுத்தேன். 1971 டிசம்பரில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியும் சுமார் 120 பேரும் ராஜஸ்தான் பாலைவனத்தில் டாங்கிப் படையை எதிர்த்து இரவெல்லாம் தாக்குப்பிடித்தார்கள். ஜைசல்மேரிலிருந்த ஹண்டர் விமானங்களுக்கு இரவில் தாக்கும் வசதி இல்லை. 5-ம் தேதி விடிந்த பிறகே அவை வந்தன. மேஜர் ஆத்மா சிங் 'கிருஷக்' என்ற சிறு விமானத்தில் பறந்து இலக்குக் காட்டினார்.

"அது வெட்டவெளி மணல். காட்டினவரும் மேலே இருந்தார். தோப்பும் துரவுமா இருந்து, நீங்களும் தரையிலே இருந்தா அப்போ தெரியும்" என்றார் பெரியவர். சற்று மௌனமாக இருந்துவிட்டுச் சொன்னார்: "நானே ஒரு தடவை தப்புப் பண்ணியிருக்கேன்."

ஒரு பயிற்சியின்போது நடந்தது. இலக்கின் ஆறு இலக்க வரைபட எண்ணைச் சொல்கையில், கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிச் சொல்லிவிட்டார். 65 என்பதற்கு 56. விமானி திருப்பிச் சொன்னபோதும் இவர் காதில் உறைக்கவில்லை. அதிகாரிதான் பிடித்து நிறுத்தினார்.

"திட்டுவார்னு பார்த்தேன். திட்டலே. வரைபடத்தை எடுத்துக்கிட்டு, நான் சொன்ன இடத்துக்கே என்னைக் கூட்டிப் போனார். 900 மீட்டர். எங்க சமையல் கொட்டகை சார் அது. பதினொரு பேர் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. 'நீயும் உட்கார்ந்து சாப்பிடு'ன்னுட்டுப் போயிட்டார். பக்கத்திலே இருந்தவன் தன் தட்டிலிருந்து ஒரு சப்பாத்தி எடுத்து எனக்குப் போட்டான். எனக்கு இறங்கலே."

அன்று விமானத்தில் குண்டு இல்லை. ஆனாலும் அந்தப் பதினொரு முகங்களும் இன்னும் ஞாபகம் இருக்கின்றனவாம்.

விழுப்புரத்தில் இறங்கியதும் அவருடைய டெலிபோன் நம்பரைக் கேட்டேன். நிதானமாகச் சொன்னார். எழுதிக்கொண்டு பேனாவை மூடினேன். அவர் நகரவில்லை.

"திருப்பிச் சொல்லுங்க சார்."

ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன். சரியாக இருந்தது. அப்புறம்தான் கைகூப்பி விடைபெற்றார்.

அடுத்த பதிப்பில் அந்தப் பனைமரத்தை எடுத்துவிட்டேன்.