வென்ற கட்சி

எமது கல்லூரி வாத சங்கத்திலே ஒருமுறை, ஆங்கிலேயர் ஆட்சி இலங்கைக்கு நன்மையே செய்தது என்னும் பொருள்பற்றி விவாதம் நிகழ்ந்தது. நாம் ஆதரித்துப் பேசினோம். 1867ஆம் ஆண்டிற் கண்டியை எட்டிய புகையிரதப் பாதையையும், 1931ஆம் ஆண்டின் சர்வசன வாக்குரிமையையும் எம் வாதத்திற்குத் தூண்களாக நாட்டினோம். எதிர்க்கட்சியாரோ கொள்ளுப்பிட்டியிலே 1877இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைத் துணைக்கழைத்தனர். அந்நியராட்சியிற் கண்டி நாட்டுக் கைவினைகள் ஆதரவற்று அருகியமையை, அவர் 1908இல் வெளியிட்ட பெருநூலைக் காட்டி எடுத்துரைத்தனர். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி. தாயார் ஆங்கில மாது. இரு கட்சியாரும் உரிமை கொண்டாடத்தக்க பெரியார்தாம்! "கனிப்பொருளாய்வுத் தலைவராக நியமித்து அவரை ஊரூராக நடக்கவைத்தவர் யாவர்?" என்று நாம் மடக்கினோம். மண்டபம் அதிர்ந்தது. வெற்றி எமதாயிற்று.

அன்று மாலை கொள்ளுப்பிட்டிக் கடலோரமாக, புகையிரதப் பாதையை ஒட்டி, மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வந்த நண்பரொருவருடன் நடந்தோம். நெடுநேரம் வாளாவிருந்தவர், "என் பூட்டன் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர். கூட வந்தவர்களிற் பலரை வாந்திபேதி வழியிலேயே கொண்டுபோயிற்று. நீர் புகழ்ந்த ரயில், கோப்பியை இறக்குவதற்காகப் போட்டது" என்றார்.

"வாக்குரிமை?" என்றோம், விடாது.

"ஐயா 1947இல் வாக்களித்தார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடு நாடற்றவரானார்."

அச்சட்டத்தை இயற்றியது ஆங்கிலேயரன்று. சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம். அப்படியாயின் இக்குற்றம் எக்கட்சிக்குரியது என்று வினவினோம். வாதஞ்செய்து பழகிய நாவுக்கு வேறென்ன வரும்? அவர் விடை கூறவில்லை.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசித் தீர்க்க விடப்பட்டது. எம் நண்பர் குடும்பத்தின் பங்கு இந்தியாவாயிற்று. சில ஆண்டுகள் கழித்து, கோட்டை நிலையத்தில் அவரைத் தலைமன்னார் வண்டியில் ஏற்றிவிடச் சென்றோம். பெட்டியொன்றும் பாய்ச்சுருளொன்றுமே அவர் சுமை. எமக்குச் சொல்லெழவில்லை.

வண்டி அசையத் தொடங்கியபோது அவர் யன்னலால் தலைநீட்டி, "பூட்டன் நடந்து வந்த வழியில் நான் ரயிலிற் போகிறேன். இதையும் உமது கட்சிக் கணக்கில் எழுதிக்கொள்ளும்" என்று சிரித்தார்.