எந்தப் படம்?

எஸ்-5னு ஒரு பாட்டுக் குழு இருந்துச்சே, யாருக்காவது ஞாபகம் இருக்கா மக்களே? எஸ்.எஸ். மியூசிக் சேனல் 2005-ல 'வாய்ஸ் ஹன்ட்'னு போட்டி வெச்சு அஞ்சு பேரைப் பொறுக்கி எடுத்துச்சு. பென்னி தயாள், அர்ஜுன் சசி, சுவி சுரேஷ், அனைதா நாயர், பார்கவி பிள்ளை. 'இசை'ன்னு தமிழ்ல ஒரு ஆல்பமும் வந்தது. அப்புறம் ஆளைக் காணோம்!

போன மாசம் திருவண்ணாமலைல டீக்கடை பெஞ்சுல உக்காந்து அந்தப் பாட்டுல ஒண்ணை மொபைல்ல ஓட விட்டேன். மாஸ்டர் காதைக் குடுத்துக் கேட்டுட்டு, "எந்தப் படம் தம்பி?"ன்னார்.

"படம் இல்லண்ணே, ஆல்பம்."

"ஓ, சாமி பாட்டா?"

சிரிக்காதீங்க. அவர் சொன்னது எங்க ஊர்க் கணக்கு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஸ்பீக்கர்ல ஓடறது சாமி பாட்டு. மத்த இடத்துல எல்லாம் சினிமா. மூணாவதா ஒரு பொட்டி தமிழ்நாட்டுலயே கிடையாது.

பேக்ஸ்ட்ரீட் பாய்ஸும் இப்படித் தேடிப் பிடிச்சுச் சேர்த்த கோஷ்டிதான். 1993, அமெரிக்காவுல ஆர்லாண்டோ. சேர்த்த லூ பெர்ல்மேன் பலே கில்லாடி. காசுல கை வெச்சார்னு பசங்க 1998-ல கோர்ட்டுக்குப் போனாங்க. வேறொரு மோசடில 2008-ல அவருக்கு 25 வருஷம் ஜெயில். 2016-ல உள்ளேயே செத்துப் போனார். ஆனா 1999-ல 'மில்லேனியம்' ஆல்பம் அமெரிக்காவுல முதல் வாரமே 11 லட்சத்துக்கு மேல வித்துச்சு. வாங்கினவன் படம் பேரைக் கேக்கல, குழு பேரைக் கேட்டான். 2006-ல விலகின கெவின் கூட 2012-ல திரும்பி வந்தார். 2023 மே மாசம் அஞ்சு பேரும் மும்பைல பாடினாங்க!

எஸ்-5ஐ ஏமாத்த வில்லனே தேவைப்படல. பென்னி 2005-லயே 'பை தி பீப்பிள்' மலையாளப் படத்துக்குப் பாடிட்டார். 2007-ல 'சிவாஜி'யில எஸ்.பி.பி. கூட 'பல்லேலக்கா', 2008-ல இந்தில 'பப்பு கான்ட் டான்ஸ்'. ரஹ்மான் கூப்பிட்டா யார்தான் போக மாட்டாங்க? நானா இருந்தா ஓடியே போயிருப்பேன். சுவியும் பின்னணி பாடினாங்க. நல்ல குரல்களை சினிமா ஒவ்வொண்ணா எடுத்துக்கிச்சு, குழுவுக்குன்னு மிச்சம் ஒண்ணுமில்ல.

அப்புறம் பென்னி 'ஃபங்க்சுவேஷன்'னு சொந்தக் குழு ஆரம்பிச்சார். அந்த மேடையிலயும் கூட்டம் 'பல்லேலக்கா' கேட்டு அடம் பிடிச்சிருக்கும், பந்தயம் கட்டறீங்களா? :-)