படுவான்கரையில் ஒரு பேர் வைப்பு

அண்மையில் படுவான்கரைக்குப் போய்வந்தேன். பெரியம்மாவின் பேத்திக்கு ஆண்பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள். துடக்குக் கழித்து, முடி இறக்கி, பிள்ளைக்குப் பேர் வைப்பதற்கு அக்கா அழைத்திருந்தார். "நீ கட்டாயம் வரவேணும். பேர் விசயத்தில அம்மாவுக்கும் எனக்கும் மகளுக்கும் ஒரே இழுபறி" என்று தொலைபேசியில் சொன்னார். என்ன இழுபறி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

வெளியூர்ச் சகோதரிகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதற்குக் கிழக்கே கடலோரமாக உள்ள கரை எழுவான்கரை. சூரியன் எழும் கரை. மேற்கே வயலும் குளமுமாக உள்ளது படுவான்கரை. சூரியன் படும் கரை. நான் பிறந்தது படுவான்கரையில். 1990 இல் இடம்பெயர்ந்தபின் கல்லடியோடு வாழ்க்கை ஒட்டிவிட்டது.

காலை பஸ்ஸில் காத்தான்குடியில் ஒரு ராத்தா ஏறி எனக்குப் பக்கத்தில் இருந்தார். என் மடியிலிருந்த குழந்தைச் சட்டைப் பெட்டியைப் பார்த்து, "யாருக்கு மகள்?" என்று கேட்டார். சொன்னேன். "என்ன பேர் வெக்கப் போறீங்க?" அதுதான் தெரியவில்லை என்றேன். வீதி நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், தன் கதையைச் சொன்னார். 1990 ஆகஸ்ட் 3 ஆந் திகதி இரவுத் தொழுகையின்போது காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அதில் அவருடைய வாப்பாவும் ஒருவர். "மறு வருசம் தம்பிக்கு மகன் கிடைச்சான். ஏழாம் நாள் வாப்பாட பேரைத்தான் வெச்சம். மையித்த எங்கட கையால அடக்கினதால அப்படி வெக்க ஏலுமா இருந்திச்சி."

அன்று துப்பாக்கியோடு வந்தவர்கள் பேசிய மொழி என் மொழி. அதை நினைத்து எனக்கு வாய் எழவில்லை. ராத்தா அதைக் கவனித்திருக்க வேண்டும். பெட்டியைத் தட்டி, "வெள்ளைச் சட்டை வாங்காதீங்க, கறை போகாது" என்று பேச்சை மாற்றினார். ஆரையம்பதி தாண்டி நான் இறங்கும்வரை குழந்தைச் சட்டைகளைப் பற்றித்தான் பேசினோம்.

மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு பாதையில்தான் கடப்போம். இங்கே பாதை என்றால் றோட்டு அல்ல. ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. யுத்த காலத்தில் அந்தப் பாதையில் ஏற எங்கள் பேரையும் ஊரையும் எத்தனை தரம் சொல்லியிருப்போம்! பேரைச் சொன்னதும் எதிரில் நிற்பவரின் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது மூன்று நிமிடத்தில் ஓட்டோ அக்கரை சேர்ந்துவிடுகிறது. மகிழடித்தீவைக் கடக்கும்போது ஓட்டோக்காரத் தம்பி வேகத்தைக் குறைத்தார். 1991 ஜூன் 12 இல் அங்கே பலியானவர்களை நினைத்தா, மாடு குறுக்கே வந்ததாலா என்று தெரியாது.

கொக்கட்டிச்சோலையில் இறங்கி தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டேன். இந்தப் பக்கத்தில் தெய்வத்தின் பேரும் மனிதரின் பேரும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. மாமாங்கம் என்றும் கதிர்காமத்தம்பி என்றும் ஆண்கள். கண்ணகை, பத்தினி என்று பெண்கள். காணிபூமி உள்ளவர் போடியார். ஆகவே கந்தப்போடி, வேலாப்போடி என்று பேருக்குள்ளேயே வயலும் வந்துவிடும். வள்ளிப்பிள்ளை, தங்கப்பிள்ளை என்று பெண்களின் பேரில் பிள்ளை சேர்வதும் இங்கே உண்டு.

அக்காவின் வீடு அங்கிருந்து உள்ளே. அக்காவின் வீடு என்று சொன்னாலும் அது பெரியம்மா சீதனமாகக் கொடுத்த வீடு. இப்போது அக்காவின் மகளுக்கு எழுதப்பட்டுவிட்டது. பெரியம்மாவுக்குப் பக்கத்து வளவில் ஒரு சின்ன அறை. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அதனால் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவள் பிறந்த வீட்டிலேயே பிள்ளையும் பிறந்து வளர்கிறது.

குடியும் அப்படித்தான். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று இங்கே சனங்களுக்குக் குடிகள் உண்டு. முஸ்லிம் சகோதரங்களுக்கும் உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் பேசமாட்டார்கள். ஒரு காலத்தில் ஆண்களின் முதுசொம்கூட மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போனது. அந்த வழக்கத்தைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பவர் 1876 இல் முக்குவர் சட்டம் என்று ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். சட்டம் பிறகு மாறிவிட்டது. குடி மாறவில்லை.

ஆனால் இந்தக் குடி எந்தக் கடதாசியிலும் இல்லை. நம் பழைய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தகப்பனின் முழுப்பேர், பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பேரும் பிறந்த ஆண்டும், தகப்பன் இங்கே பிறக்காதவராயின் பூட்டனின் விபரம் என்று ஆண்வழியாகவே மேலே மேலே போகும். பாட்டிக்கு ஒரு கூடு கிடையாது. நமக்கும் கலியாணத்துக்கு முன் தகப்பன் பேர் முதலெழுத்து, பின் புருசன் பேர். புருசன் இல்லாமற்போன பின்பும் அந்த எழுத்தைச் சுமந்துகொண்டு கந்தோர் கந்தோராக நிற்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பெரியம்மா வாழ்நாளில் பெரியப்பாவின் பேரை வாயால் சொன்னதில்லை. நிவாரண அட்டை பதியும்போது கிராம சேவகர் புருசன் பேரைக் கேட்க, "மண்டூரில இரிக்கிறவர்ர பேர்" என்றாராம். மண்டூரில் இருக்கும் உங்கள் புருசனுக்கு என்ன பேர் என்று அவர் திருப்பிக் கேட்க, வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். மண்டூரில் இருப்பவர் முருகன் என்பது அந்தப் புதுக் கிராம சேவகருக்கு விளங்கவில்லை.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பேரைத் தாங்குபவன். சங்கப் பாட்டுகளிலேயே அந்தச் சொல் இருக்கிறது. வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட மருமகளால் முடியாது என்பதற்காகவே வீட்டுப் பேர், செல்லப் பேர் எல்லாம் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். என் அனுபவமும் அதுதான். சுனாமியில் கல்லடியில் என் அம்மா போனார். 2006 இல் மகள் பிறந்தபோது அம்மாவின் பேரை வைத்தேன். இரண்டு வயதில் அவள் குழப்படி செய்யும்போது பேரைச் சொல்லி ஏச வாய் வரவில்லை. அம்மாவை ஏசுவதுபோல் இருந்தது. அன்றிலிருந்து அவள் குட்டிதான். பத்து வயதில் ஒருநாள் கேட்டாள்: "என்ர பேர் என்னுடையதா, அம்மம்மாவுடையதா?" நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு ஒரு தம்பி, எனக்கு அண்ணன். 1990 இல் பத்தொன்பது வயது. இடம்பெயர்ந்து நின்ற இடத்தில் விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லிக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 5 இல் வந்தாறுமூலை வளாக முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத 158 பேரின் வீடுகளுக்கும் எங்கள் வீட்டுக்கும் கதை ஒன்றுதான். அண்ணனின் பேரை நான் இங்கே எழுதவில்லை. பெரியம்மா எழுதச் சொல்லவில்லை.

கட்டாரில் வேலை செய்யும் அக்காவின் மகன்தான் குழந்தைக்குத் தாய்மாமன். "எங்கட மாமாட பேரையே வைங்க" என்று சொன்னவன் அவன். அக்காவுக்கும் அதுதான் விருப்பம். அண்ணனுக்குக் கலியாணமாகிப் பிள்ளை பிறந்திருந்தாலும் அது வேறு குடி. இந்தப் பிள்ளைதான் அவருடைய சொந்தக் குடி, சொந்த வளவு. ஆனால் குழந்தையின் தாய் பயந்தாள். "பேரோட அதுட பலனும் வருமாம் சின்னம்மா. நான் மாமாவைக் கண்டதுமில்ல. என்ர பிள்ளைக்கு என்னத்துக்கு அந்தப் பேர்?" இருபத்தாறு வயதுப் பிள்ளை, அவளைக் குறைசொல்ல முடியாது. அவளிடம் நட்சத்திரத்துக்கும் எண்ணுக்கும் பொருந்திய பேர் ஒன்று தயாராக இருந்தது. ஷவும் ஜவும் கலந்த அந்தப் பேரைப் பெரியம்மாவால் மூன்று தரம் முயன்றும் சொல்ல முடியவில்லை. (இந்தப் பேர்களில் எனக்கும் பெரிய பிடிப்பில்லை. என்றாலும் அவள் பிள்ளை.)

பெரியம்மா மறுத்ததற்குக் காரணம் வேறு. "செத்தவங்கட பேரைத்தான் வைக்கிற. அவன் செத்தான் எண்டு ஆர் சொன்ன?"

அவரிடம் ஒரு கோப்பு இருக்கிறது. 1994 இல் வந்த ஆணைக்குழு, 2010 இல் வந்தது, 2013 இல் வந்தது, பிறகு 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காணாமற்போனோர் அலுவலகம் என்று எல்லாவற்றுக்கும் கொடுத்த கடிதங்கள் அதில். ஒவ்வொன்றிலும் அண்ணனின் பேர் ஆங்கிலத்தில் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு தரலாம் என்றார்கள். பெரியம்மா எடுக்கவில்லை. இறந்தார் என்று எழுதாமல், காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெறவும் 2016 இலிருந்து சட்டத்தில் இடமுண்டு. வாசக சகோதரிகளில் இது தெரியாதவர்கள் பிரதேச செயலகத்தில் விசாரித்துப் பாருங்கள். பெரியம்மா அதற்கும் இன்னும் கையொப்பம் வைக்கவில்லை. "முப்பத்தஞ்சு வருசமா இந்தப் பேரை எல்லாருக்கும் குடுத்துத்தான் வாறன் மனே. ஒருத்தரும் திருப்பித் தரல்ல" என்றார்.

பகல் பன்னிரண்டு மணியாகியும் முடிவில்லை. முடி இறக்கிய தலையோடு பிள்ளை தொட்டிலில் நித்திரை. சரக்குக் கறி மணம் வளவெல்லாம். வந்த பெண்கள் குரவை போடக் காத்துக்கொண்டிருந்தார்கள். கட்டாரிலிருந்து மருமகன் தொலைபேசித் திரையில் முகத்தைக் காட்டிக்கொண்டு, "என்னகா முடிவு?" என்று கேட்டபடி இருந்தான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, விடுங்க. வேற பேர் வைப்பம்" என்றார்.

அப்போதுதான் பெரியம்மா எழுந்து தொட்டிலடிக்கு வந்தார். நான் ஊரை விட்டுப் போய்க் கனகாலம், நினைவிருக்கிறதா என்று என்னைக் கேட்டார்: ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால் எப்படிக் கூப்பிடுவோம்? "பெரியவர், சின்னவர் எண்டு" என்றேன். எங்கள் ஊரில் அப்படிப் பலர் இருந்தார்கள்; ஒரே வளவில் அண்ணன் மகனும் தம்பி மகனும்கூட.

"அப்ப இவன் சின்னவன்" என்றார். "பெரியவன் இரிக்கான் எண்டாத்தானே இவன் சின்னவன்."

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. குழந்தையின் தாய், பதிவில் தன் பேர்தான் இருக்கும் என்று உறுதி கேட்டாள். அக்கா தலையாட்டினார். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதிந்த பிறகும் பேரைச் சேர்க்கவோ மாற்றவோ சட்டத்தில் வழி இருக்கிறது. அவனே பெரியவனாகி விரும்பினால் சேர்த்துக்கொள்ளட்டும் என்றேன். பெரியம்மாவுக்குப் பதிவைப் பற்றிக் கவலையே இல்லை. கடதாசியில் எழுதிய பேர்களை அவர் போதுமான அளவு பார்த்துவிட்டார். குனிந்து பிள்ளையின் காதில் மூன்று தரம் சொன்னார். குரவைச் சத்தத்தில் பிள்ளை விழித்து அழுதான். தொலைபேசியில் மருமகனும் அழுதான்; திரை உறைந்துவிட்டதென்று பாசாங்கு செய்தான்.

எருமைத் தயிரும் சோறும் சாப்பிட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்க மூன்று மணிக்கே புறப்பட்டேன். பெரியம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "போயிட்டு வாறன்" என்று சொல்லி அவன் பேரையும் சொன்னேன். சின்ன என்று முன்னால் சேர்த்துத்தான். ஓட்டோ மண்முனைப் பாலத்தில் ஏறும்போதுதான் உறைத்தது, அண்ணனின் பேரை நான் வாய்விட்டுச் சொல்லி முப்பத்தைந்து வருடமாகியிருந்தது.